வல்கூர் பனி ஊர்திப் பந்தயம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கியூபெக்கின் வல்கூரில் நடைபெறும் பனி ஊர்திப் பந்தயம் பற்றிய தங்கள் செய்தி, வெற்றியாளர் பட்டியலோடு நின்றுவிட்டது. பொம்பார்டியே நிறுவனம் 1959இல் ஸ்கீ-டூ என்னும் பனி ஊர்தியைச் சந்தைக்குக் கொண்டுவந்த ஊர் அது என்பதையேனும் ஒரு வரியில் சேர்த்திருக்கலாம்.

பார்வையாளருக்குக் குளிர் ஒரு பொருட்டே அல்ல. இயந்திரங்கள் ஒருசேர உறுமத் தொடங்கியதும், கம்பளிக்குள் புதைந்த சிறு பிள்ளைகள்கூட வேலியை விட்டு நகர மறுக்கின்றனர் (காதடைப்பான் கொண்டு செல்லாதவர்கள் பாடு திண்டாட்டந்தான்). பனிக்கட்டி வளையப் பாதையில் எல்லா வளைவுகளும் இடப்பக்கமே திரும்புவதால், ஓட்டுநர்கள் உடலின் பெரும்பகுதியை இடப்புறம் தொங்கவிட்டபடி செல்கின்றனர்; ஊர்தியை உந்தும் சுழல்பட்டியில் பதித்த ஆணிகள் கிளப்பும் பனித்தூளோ பின்னால் வருபவரின் பார்வையை முற்றாக மறைத்துவிடுகிறது. ஓட்டுநர் ஒருவரிடம் பேசியபோது, வேகத்தைவிட இந்தக் குருட்டுக் கணங்களே அச்சமூட்டுவதாகவும், முன்னே செல்பவரின் இயந்திர ஓசையைக் கேட்டே வளைவைக் கணிப்பதாகவும் கூறினார். 1974இல் அமெரிக்காவின் ஈகிள் ரிவரில் பனி ஊர்திப் பந்தய உலகப் பட்டம் வென்று, பின்னர் பெராரி கார்ப் பந்தய அணியில் புகழ்பெற்ற ஜில் வில்நெவ், மழையில் கார் ஓட்டும் துணிவை இத்தகைய பந்தயங்களே தமக்குத் தந்ததாகக் கருதியதில் வியப்பில்லை.

அடுத்த முறை செய்தியாளர் ஒருவரை நேரில் அனுப்பி, பழுதுபார்க்கும் கூடாரங்களில் விறைத்த விரல்களோடு ஆணி மாற்றும் குடும்பத்தினரின் அனுபவங்களையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மொன்றியல்