காலடியில் விழுந்த நிழல்

அன்புள்ள முருகேசு,

உன் இரண்டு கடிதத்துக்கும் நான் பதில் போடவில்லை. தப்புதான். லட்சுமிக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. பேத்தி நடக்கிறாள். அப்பளக்கடை சாமிநாதன் உன்னைப் பற்றி அதே கேள்வியைத்தான் கேட்டார், நானும் அதே பதிலைத்தான் சொன்னேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சின்னவள் ஒரு சீன ஓவியச் சுருளின் அச்சுப்படி அனுப்பியிருக்கிறாள். அசல் கான்சாஸ் சிட்டியில், நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் ஒரு முழம்கூட இல்லை. நீளம் ஐந்தரை மீட்டருக்கு மேல்! கூடத்தில் விரிக்கத் தொடங்கினால் அடுப்படி வரை போகிறது. வண்ணமே கிடையாது, வெறும் மை. வரைந்தவர் சியாவ் சோங்சாங் என்கிறார்கள். கவிஞர் சு ஷியின் 'செம்பாறை' இரண்டாம் உரைப்பாட்டுக்காக வரைந்தது.

கவிதையில் அரசாங்கத்தைக் குத்தினார் என்று 1079-இல் சு ஷியைச் சிறையில் போட்டு, அப்புறம் ஹுவாங்சோவுக்குத் துரத்திவிட்டார்கள். அங்கே 1082-இல் ஒரு பௌர்ணமி இரவு, நண்பர்கள் இரண்டு பேரோடு நடந்துபோகிறார். மரங்கள் இலை உதிர்ந்து நிற்கின்றன. தரையில் தங்கள் நிழலைப் பார்க்கிறார்கள், நிமிர்ந்தால் நிலா. பாட்டில் அது ஒரே வரி.

அந்தக் காலத்துச் சீன ஓவியத்தில் ஆளுக்கு நிழல் போடும் வழக்கமே இல்லை. இந்த மனுஷன் போட்டிருக்கிறார்! கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கு தாளில் உரசப் பார்த்தேன். காலடியில் லேசான மை. அந்த ஒரு வரிக்காகத் தன் தொழில் வழக்கத்தையே தாண்டியிருக்கிறார். "எழுத்தில் இருப்பதைத் திருப்பி வரைய ஓவியன் எதற்கு?" என்று மேன்ஷன் மொட்டைமாடியில் நீ கத்தினாயே, முப்பது வருஷம் கழித்து இதோ என் பதில். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு இடம். நண்பர் பிடித்த மீன் இருக்கிறது, மது இல்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டால் மனைவி, "உங்களுக்குத் திடீரென்று வேண்டியிருக்கும் என்று ரொம்ப நாளாக எடுத்துவைத்திருக்கிறேன்" என்கிறாள். படத்தில் சு ஷி ஒரு கையில் மீன், மறு கையில் மதுக்குடுவையோடு கிளம்புகிறார். வாசலில் அவள் நிற்கிறாள். லட்சுமி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "பாட்டில் இந்தம்மாவுக்குப் பேர் இருக்கா?" என்றாள். இல்லை என்றேன். "படத்திலாவது நிக்கிறாளே" என்றாள்.

காட்சிகளைக் கட்டம் போட்டுப் பிரிக்கவில்லை முருகேசு. பாறையும் மரமும்தான் தடுப்பு. அதைத் தாண்டினால் அதே சு ஷி மறுபடி வருகிறார். பாட்டையும் துண்டு துண்டாகப் படத்துக்குள்ளேயே ஓவியர் எழுதியிருக்கிறார்.

இனி சொல்லப்போவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. சு ஷி 1101-இல் இறந்துவிட்டார். 1103-இல் அவர் எழுத்தை அழிக்கச் சொல்லி ஆணை வந்தது. சுருளோடு ஒட்டியிருக்கும் குறிப்பு ஒன்றில் 1123 என்று ஆண்டு இருக்கிறது. அப்போதும் ஆண்டது ஆணை போட்ட அதே பேரரசர்தான். அப்படிப்பட்ட காலத்திலும் இந்தச் சுருளை ஒருவர் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார், இன்னொருவர் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் தன் கையால் எழுதியும் வைத்திருக்கிறார்.

பத்திரிகையில் உன் படத்தைப் பாதியாக வெட்டி விளம்பரத்துக்கு இடம்விட்டார்கள். உன் கோபம் நியாயம், நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். ஆனால் அதற்காக மூன்று வருஷமாகத் தூரிகையைத் தொடாமல் இருப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்தப் பத்திரிகை ஆசிரியர் வாழ்நாளில் ஒரு வரியையாவது நிழல் தெரியும் அளவுக்குப் படித்திருப்பாரா? நீ படிப்பாய். குறுந்தொகைக்கு நீ பென்சிலில் போட்டுவைத்த பதினேழு படமும் என் பீரோவில்தான் இருக்கிறது, மறந்துவிட்டாயா?

பொங்கலுக்கு வா. சாக்கு வேண்டாம், பஸ் இப்போது வாசலிலேயே நிற்கிறது. இடது கையால் விரித்து வலது கையால் சுருட்டிக்கொண்டே பார்க்க வேண்டிய படம் இது. என் இரண்டு கையும் அதிலேயே மாட்டிக்கொள்ளும். நிழல் எங்கே என்று பேத்திக்குத் தொட்டுக் காட்ட உன் கை வேண்டும்.

உன்,
சண்முகம்