நனைந்த தாள்களை மீட்டுத் தந்தவர்களுக்கு

நாகர்கோவில் நண்பர்களே, உறவுகளே,

வணக்கம். வீட்டுக்குள் தண்ணீர் வந்த இரவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீதிபதி அன்னா சாண்டியின் வாழ்க்கையைப் பற்றி நான் எழுதிவந்த கையெழுத்துப் படி பிழைத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அலமாரியை மாடிக்கு ஏற்றிய பக்கத்து வீட்டுத் தம்பிகள், மை கரைந்த மலையாளக் குறிப்புகளை உடனிருந்து படித்துச் சொன்ன சேச்சி, வேளை தவறாமல் சோறு அனுப்பிய மதினி, எல்லோருக்கும் என் நன்றி.

தெருமுனையில் இஸ்திரி போடும் அக்காவுக்கு அவ்வளவு சுருக்கமாக நன்றி சொல்ல முடியாது. ஒட்டிப்போன தாள்களை நான் மொட்டைமாடிக்குக் கொண்டுபோவதைப் பார்த்து, "வெயிலில் போட்டால் சுருண்டுவிடும், இங்கே கொடு" என்று வாங்கிக்கொண்டார். பழைய வேட்டியை மேலும் கீழும் விரித்து, தணல் அடங்கிய பெட்டியால் ஒவ்வொரு தாளாக ஒற்றி எடுத்தார். கூலி என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. அவர் வீட்டிலும் அன்று எல்லாம் நனைந்துதான் கிடந்தது.

"யாரம்மா இந்த அன்னா சாண்டி?" என்று கேட்டார். கேரளத்தில் சட்டப் பட்டம் பெற்ற முதல் பெண் என்றேன். பெண்களுக்கு அரசு வேலை கூடாது என்று 1928இல் திருவனந்தபுரத்தில் ஒருவர் பேச, அந்தப் பேச்சை ஒரு மனுவாகவே பாவித்து மேடையில் மறுத்து வாதாடியதைச் சொன்னேன். "நான் வேலை செய்யாமல் என் வீட்டில் அடுப்பு எரியுமா?" என்றபடி அடுத்த தாளை எடுத்தார். 'ஸ்ரீமதி' என்ற பெண்கள் இதழை அன்னா சாண்டி தொடங்கியது, 1931 தேர்தலில் அவதூறு பரப்பி அவரைத் தோற்கடித்தது, 1937இல் முன்சீப், அதாவது கீழ்நீதிமன்ற நீதிபதி, ஆனது, 1959இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியானது வரை கேட்டுக்கொண்டே தேய்த்தார். 1956 வரை நம் ஊரும் கேரளப் பக்கம்தானே; அக்காவுக்கு அது அயலார் கதையாகப் படவில்லை.

ஓரிடத்தில் மட்டும் கை நின்றது. பெண்களுக்குத் தூக்குத் தண்டனை இல்லை என்ற திருவாங்கூர் சமஸ்தானத்துச் சலுகையை அன்னா சாண்டி எதிர்த்தார். சமம் என்றால் தண்டனையிலும் சமம் என்பது அவர் வாதம். அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "இருவரையும் தூக்கில் போடாமல் இருப்பதும் சமம்தானே?"

அந்த அத்தியாயத்தில் அன்னா சாண்டியின் துணிச்சலை மட்டும் மெச்சி எழுதியிருந்தேன். இப்போது அதைத் திரும்ப எழுதுகிறேன், அக்கா. உங்கள் கேள்வி அதில் இருக்கும். அச்சுக்குக் கொடுக்கும் முன் உங்களிடம் வாசித்துக் காட்டுவேன்.