மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் தேர்வை எங்கள் ஊரில் நடத்தக் கோரி மூன்றாம் மனு

பெறுநர்:
மாவட்டச் சாலைப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்

அனுப்புநர்:
கோயில் தெருக் குடியிருப்போர் சார்பில், தட்டோன் – மோல்மேன் நெடுஞ்சாலை ஓரம், மோன் மாநிலம், பர்மா

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தை மாதம் ஒரு மனுவும், பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன் ஒரு மனுவும் நேரில் கொடுத்தோம். பதில் வரவில்லை. முன்போலவே பர்மிய மொழிப் பிரதியும் இத்துடன் இருக்கிறது.

எங்கள் பிள்ளைகள் 18 வயது நிரம்பியதும் முறையாக லைசென்ஸ் எடுக்க நினைக்கிறார்கள். ஆனால் தேர்வு மைதானம் 23 மைல் தள்ளி இருக்கிறது.

1. தேர்வுக்குச் சொந்த வண்டியோடு வரச் சொல்கிறார்கள். பஸ்ஸில் வண்டியை ஏற்றமாட்டார்கள். சிறு லாரி பிடித்தால் ஒரு வாரக் கூலி போய்விடும். ஆகவே லைசென்ஸ் எடுக்கப் போகிறவன் லைசென்ஸ் இல்லாமலே நெடுஞ்சாலையில் ஓட்டிப் போகிறான். வழியில் பிடித்து அபராதம் போடுகிறார்கள். பிடிப்பது சட்டம், அதைக் குறை சொல்லவில்லை. வேறு வழி என்ன என்றுதான் கேட்கிறோம்.

2. அந்தச் சாலை தாங்கள் அறியாததல்ல. 1970 முதல் நாம் வலப்பக்கம் போகிறோம். ஜப்பானிலிருந்து வந்த பழைய பஸ், லாரிகளுக்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. டிரைவர் சாலையோரமாக உட்கார்ந்திருப்பதால், முன்னால் போகும் லாரியை முந்தப் பாதி வண்டி எதிர்ப்பக்கம் வந்த பிறகுதான் எதிரே வருவது அவர் கண்ணில் படும். பழகியவன் தூரத்திலேயே இதைக் கண்டு ஒதுங்குவான். புதியவன் தன் பக்கம்தானே என்று நம்பி நேரே வருவான். பயந்து முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் ஓரத்து ஜல்லியில் சக்கரம் வாரிவிடும்.

என் அக்காள் மகன் அப்படித்தான் விழுந்தான், ஐயா. மாசி மாதம், தேர்வுக்குப் போகிற வழியில். விதிப் புத்தகம் சட்டைக்குள் இருந்தது. ஹெல்மெட் வாரைப் பூட்டியிருந்ததால் உயிர் தப்பினான். தொடையெலும்பு முறிந்து நான்கு மாதமாகப் படுத்திருக்கிறான். ராத்திரி 2 மணிக்கு ரப்பர்த் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போய் வீட்டைக் காப்பாற்றிய பிள்ளை. இப்போது நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு அக்காள் போகிறாள், 52 வயதில். எக்ஸ்ரே நகலை இரண்டாம் மனுவோடு வைத்தோமே, யாராவது பிரித்துப் பார்த்தீர்களா? தை மாத மனுவுக்கு ஒரு வரி பதில் வந்திருந்தால் அவனை அன்று அனுப்பியிருக்க மாட்டோம்.

3. மாதம் ஒரு நாள் இங்கே வந்து தேர்வு நடத்துங்கள். கோயிலுக்குப் பின்னால் மைதானம் இருக்கிறது. சுண்ணாம்புக் கோடு நாங்களே போடுகிறோம்.

4. அதற்கு முன் ஒரு வகுப்பு வேண்டும். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிப்பது, முந்த வரும் பஸ்ஸுக்கு எப்போது ஒதுங்குவது, மூன்று பேர் ஏறக்கூடாது என்பது, போலீஸைக் கண்டால் மட்டும் ஹெல்மெட்டை மாட்டுகிற பழக்கம் கூடாது என்பது, இதையெல்லாம் மாமன் சித்தப்பன் சொன்னால் பிள்ளைகள் கேட்பதில்லை. உத்தியோக உடையில் வந்து நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

5. பதில் போடுங்கள். முடியாது என்றாலும் முடியாது என்று எழுதுங்கள்.

மழை பிடித்துவிட்டது. வரும் செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவிலிருந்து இன்னும் மூன்று பிள்ளைகள் தேர்வுக்குக் கிளம்ப இருக்கிறார்கள். அவர்கள் அந்தச் சாலையில் ஏறுவதற்குள் ஒரு நாள் ஒதுக்கித் தரும்படி மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம், ஐயா.

இப்படிக்கு,
கோயில் தெருக் குடியிருப்போர்