பட்டியலில் விடுபட்ட தலைமையாசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வெளிநாட்டில் பெயர் வாங்கிய ஈரானிய வம்சாவளியினரைப் பற்றிக் கடந்த ஞாயிறு இணைப்பில் வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். ஊபர் தலைவர் தாரா கோஸ்ரோஷாஹி, ஈபே தொடங்கிய பியர் ஒமிட்யார், சொந்தக் காசில் விண்வெளிக்குப் போய்வந்த அனூஷே அன்சாரி என்று தொழிலதிபர்களுக்கே பாதிப் பக்கம் போய்விட்டது. போகட்டும். முப்பத்தோரு வருடம் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் எனக்கு இரண்டு குறை: ஒன்று, ஒரு தகவல் பிழை; இன்னொன்று, ஊர்ப் பள்ளிக்கூடங்களையும் ஒரு தலைமையாசிரியரையும் கட்டுரை மறந்துவிட்டது.

முதல் குறை சின்னது. அலி ஜவான் லேசரைக் கண்டுபிடித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் லேசர், 1960 மே மாதம் தியோடர் மைமன் இயக்கிக் காட்டிய ரூபி லேசர். அது விட்டுவிட்டு மின்னும். விடாமல் எரியும் முதல் லேசர்தான் ஜவானுடையது. அதே ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி, நியூஜெர்சியில் இருந்த பெல் ஆய்வகத்தில் அவரும் இரண்டு சகாக்களும் அதை இயக்கினார்கள். மறுநாளே அந்த ஒளிக்கற்றை வழியாகத் தொலைபேசியில் பேசியும் பார்த்துவிட்டார்கள்.

ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் ஹீலியமும் நியானும் அடைபட்டிருக்கும். மின்சாரம் பாய்ச்சினால் ஹீலியம் அணுக்களுக்கு ஆற்றல் ஏறும். அவை நியான் அணுக்கள் மீது மோதி, அந்த ஆற்றலை அப்படியே கைமாற்றிவிடும். கேரம் போர்டில் ஸ்டிரைக்கர் அடித்த இடத்தில் நின்றுவிட, காய் ஓடுகிறதே, அந்த மாதிரி. வகுப்பில் இப்படித்தான் சொல்வேன். ஜவானின் குழாயிலிருந்து வந்தது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. நாம் பார்க்கும் சிவப்புக் கற்றை, 1962இல் அதே ஆய்வகத்தில் வேறு இருவர் செய்தது.

எங்கள் ஆய்வகத்தில் அந்தச் சிவப்புக் குழாய் ஒன்றே ஒன்று இருந்தது. பீரோவில் பூட்டி வைத்திருப்பார்கள், செய்முறைத் தேர்வுக்கு மட்டும் வெளியே வரும். சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி விழும், அவ்வளவுதான். விளக்கை அணைத்துவிட்டு இரண்டு டஸ்டரையும் ஒன்றோடொன்று தட்டச் சொல்வேன். சுண்ணாம்புத் தூள் பறக்கும்போது, மேசையிலிருந்து சுவர்வரை ஒரு சிவப்பு நூல் கட்டினாற்போலத் தெரியும். பையன்கள் ஒரு நிமிடம் வாயைத் திறக்க மாட்டார்கள். இந்த வகை லேசரை முதலில் செய்தவர் தெஹ்ரான்காரர் என்று அப்போது நான் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

இன்னொன்று. ஈபே தளத்தில் 1995இல் முதன்முதலாக விற்ற பொருள், உடைந்துபோன ஒரு லேசர் பாயின்டர். விலை 14.83 டாலர். ஜவானை எழுதிய கையோடு ஒமிட்யாரையும் எழுதியவர் இதை எப்படி விட்டார் என்று தெரியவில்லை.

சரி, பெரிய குறைக்கு வருகிறேன். 1979 புரட்சிக்குப் பயந்து ஓடிய மேதைகள், போன இடத்தில்தான் மலர்ந்தார்கள் என்பதுதான் கட்டுரை முழுக்க ஓடும் தொனி. கோஸ்ரோஷாஹி குடும்பத்துக்கு அது பொருந்தலாம். ஆனால் ஜவான் அமெரிக்கா போனது நாற்பதுகளின் கடைசியிலேயே. லுத்ஃபி ஸாதே அவருக்கும் முன்னால், இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் போய்விட்டார். இந்த ஸாதேயை நீங்கள் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். தொண்ணூறுகளில் வாஷிங் மெஷின் வாங்கப் போனபோது கடைக்காரர் என்னிடம், "ஃபஸி லாஜிக் சார், துணி எவ்வளவுன்னு பார்த்து அதுவே தண்ணி எடுத்துக்கும்" என்றார். அந்த ஃபஸி லாஜிக்கின் தகப்பன் ஸாதேதான். ஆமாம் அல்லது இல்லை என்று மட்டும் பேசிக்கொண்டிருந்த கணக்கில், ‘கொஞ்சம்’, ‘ஏறக்குறைய’ போன்ற சொற்களுக்கு அவர் 1965இல் இடம் பிடித்துக் கொடுத்தார். 1987இல் ஜப்பானின் சென்டாய் நகரச் சுரங்க ரயில் அந்த முறையில்தான் ஓடவும் நிற்கவும் ஆரம்பித்தது.

ஸாதே, ஜவான் இருவரும் படித்தது தெஹ்ரானின் ஒரே பள்ளியில், அல்போர்ஸில். 1873இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கியது. 1940இல் ஈரான் அரசு அதை எடுத்துக்கொண்டது. அதன் பிறகு முகமது அலி மொஜ்தஹெதி என்பவர் அங்கே முப்பது வருடத்துக்கும் மேல் தலைமையாசிரியர். நீங்கள் விட்டுவிட்ட பெயர் இதுதான். அரசு உதவித்தொகையில் பிரான்ஸ் போய், முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர். அறுபதுகளில் அவரையே ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தொடங்கச் சொன்னார்கள். இன்று அதன் பெயர் ஷரீஃப் பல்கலைக்கழகம்.

கணித மேதை மரியம் மிர்சாகானி படித்தது அங்கேதான். 1977இல் பிறந்தவர், பள்ளி, கல்லூரி எல்லாம் புரட்சிக்குப் பிந்தைய தெஹ்ரானில். நடுநிலைப் பள்ளியில் கணக்கில் பின்தங்கினார். இந்தப் பெண்ணுக்குக் கணக்கு அவ்வளவாக வராது என்று அவருடைய டீச்சரே நினைத்தாராம். அதைப் படித்தபோது என் பழைய வகுப்புகளில் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த சில முகங்கள் ஞாபகம் வந்தன. அடுத்த வருடம் வேறு டீச்சர். அப்புறம், ஆண்கள் பள்ளியில் இருப்பது போன்ற கணக்குப் பயிற்சி எங்களுக்கும் வேண்டும் என்று மரியமும் தோழியும் போய்க் கேட்டபோது, தலைமையாசிரியை ஏற்பாடு செய்துகொடுத்தார். உலகக் கணித ஒலிம்பியாடில் 1994இல் 42க்கு 41, 1995இல் 42க்கு 42, இரண்டு முறையும் தங்கம். ஹார்வர்டுக்கு அவர் போனது இதற்கெல்லாம் பிறகு. 2014இல் சியோலில், கணிதத்தின் நோபல் என்று சொல்லப்படும் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய முதல் பெண் ஆனார். 2017இல், நாற்பது வயதில், மார்பகப் புற்றுநோயில் போய்விட்டார்.

தரையில் பெரிய தாள்களை விரித்துப் படம் போட்டபடியேதான் அவர் கணக்கு யோசிப்பார். அம்மா ஓவியம் வரைகிறாள் என்று மகள் சொல்வாளாம். கட்டுரையில் வந்த அவருடைய புகைப்படத்துக்குப் பதிலாக அந்தத் தாள் ஒன்றைப் போட்டிருக்கலாம்.

மொஜ்தஹெதி வேலையை விட்டதும் 1979இல்தான். அவர் 1997இல் இறந்தது பிரான்சின் நீஸ் நகரில். எனவே உங்கள் கட்டுரையின் கணக்குப்படி பார்த்தாலும் அவர் பட்டியலில் சேர வேண்டியவர்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்,
பாளையங்கோட்டை.