பாலத்தைத் தாண்டிய பிறகு உனக்கு எழுதுவது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். டூட்டி முடிந்து, குளித்து, சாப்பிட்ட பிறகு நிதானமாகப் படி.

டாக்டர் பயிற்சியில் உன் போஸ்டிங்கை எக்ஸ்டெண்ட் செய்துவிட்டார்கள், இன்னும் கொஞ்ச நாள் அதே துறையில் இருக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லி அழுதாயாம். என்னிடம் சொல்லாததில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, பாப்பா. இரண்டு வருடம், ஆறு துறை, துறைக்கு நான்கு மாதம் என்று கணக்குப் போட்டுச் சரவாக்கில் இருக்கும் கூச்சிங்குக்குப் போனவள் நீ. கூட வந்தவர்கள் எல்லாம் அடுத்த துறைக்குப் போய்விட்டார்கள், நீ மட்டும் அதே வார்டில் நிற்கிறாய். ஒன்றாம் வகுப்பிலிருந்து எதிலும் பின்தங்கிப் பழக்கமில்லாத பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்று இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பினாங்குப் பாலத்தில் மாரத்தான் ஓடி முடித்திருக்காவிட்டால் எனக்கு அதைச் சொல்லத் தெரிந்திருக்காது.

நான் பயிற்சியை ஆரம்பித்தது தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பக்கத்தில், தாவரவியல் பூங்காவில். காலையில் அங்கே ஒரு குழு ஓடும். பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். சேர்ந்த அன்றே அவர்கள் எனக்குச் சொன்ன ஒரே விதி, பக்கத்தில் ஓடுபவரோடு பேச முடிகிற வேகத்தில் ஓடு என்பதுதான். பேச்சு திக்க ஆரம்பித்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். மாரத்தான் பயிற்சியில் பெரும்பகுதி இப்படித்தான் போகும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. வாரத்தில் ஒருநாள் நீண்ட ஓட்டம். அதைக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுவார்கள். மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறைத்துவிடுவார்கள். உடம்பில் தெம்பு இருக்கும்போதே குறைக்கச் சொல்லும்போது மனசு கேட்காது. ஆனால் குறைத்தேன்.

ஏன் என்று உனக்கு நான் விளக்கத் தேவையில்லை, நீ டாக்டர். ஆனாலும் எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். ஓட ஆரம்பித்த சில வாரங்களிலேயே மூச்சு பழகிவிடுகிறது. முன்பு இளைத்த மேட்டில் இப்போது இளைப்பதில்லை. எலும்பும் குதிகால் தசைநாரும் அப்படி இல்லை, அவை உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். நடுவில் இருக்கும் அந்தக் காலம்தான் ஆபத்து. மூச்சு போ போ என்று தள்ளும், கால் இன்னும் தயாராகியிருக்காது. எங்கள் குழுவில் ஒரு தம்பி, உன் வயதுதான் இருக்கும், எங்கள் எல்லாரையும்விட வேகமாக முன்னேறினான். ஒருநாள் முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்று உட்கார்ந்தான். எலும்பில் மயிரிழை விரிசல். பாவம், மாதக்கணக்கில் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

உன் மூளை எப்போதும் வேகம். ஒருதடவை படித்தால் போதும், மறக்காது. ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு, நரம்பே கிடைக்காத ஒரு பாட்டியின் கையில் ஊசி ஏற்றுவது கை பழக வேண்டிய வேலை. எந்த நோயாளியை முதலில் பார்ப்பது, எப்போது பெரிய டாக்டரை எழுப்புவது என்பதும் அப்படித்தான் என்று நீயே ஒருதடவை சொன்னாய். அதெல்லாம் படிப்பின் வேகத்தில் வராது. இன்னும் கொஞ்ச நாள் இதே துறையில் இரு என்று அவர்கள் சொன்னதை நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். உன் மூச்சு முன்னால் போய்விட்டது, கால் வந்து சேரட்டும் என்கிறார்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கற்றுக்கொடுப்பது வேறு, அவமானப்படுத்துவது வேறு. எல்லார் முன்னாலும் யாராவது உன்னைக் கேவலமாகப் பேசினால் அதைப் பொறுத்துப் போ என்று இந்த அப்பா சொல்லமாட்டேன். தேதி போட்டு எழுதி வை, கேட்க வேண்டிய இடத்தில் கேள். நானும் கூட நிற்பேன்.

தாத்தா உனக்கு நம் மலேசிய ஓட்டக்காரர் டாக்டர் ஜெகதீசன் கதையைச் சொல்லிச் சொல்லித்தான் சோறு ஊட்டுவார். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடியது, அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நிலைத்து நின்றது. டாக்டர், அதோடு நாட்டிலேயே வேகமான ஓட்டக்காரர். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு எல்லாவற்றையும் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று தோன்றுவது இயற்கை. அவர் பெயரைக் கேட்டால் எனக்கும் இன்றுவரை பெருமைதான். ஆனால் அவர் ஓடியது 200 மீட்டர். உனக்கு முன்னால் இருப்பது ரொம்பத் தூரம்.

இனி ஞாயிற்றுக்கிழமைக் கதைக்கு வருகிறேன். வெயிலுக்குப் பயந்து நள்ளிரவு தாண்டியதுமே முழு மாரத்தானைத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த நேரத்திலும் காற்றில் அவ்வளவு ஈரம். வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருந்தது, சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். தொடக்கத்தில் என்னைத் தாண்டி நூற்றுக்கணக்கானவர்கள் பறந்தார்கள். நான் பேசும் வேகத்திலேயே போனேன்.

1985இல் பாலத்தைத் திறந்த காலத்திலிருந்து எத்தனை தடவை பஸ்ஸிலும் காரிலும் அதில் போயிருப்பேன்! நடுவில் அது ஏறி இறங்குகிறது என்பதைக் கால்தான் எனக்குச் சொன்னது. மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் கடலுக்கு மேலே மட்டும் 8.4. வண்டி ஒன்றுகூட இல்லை. செருப்பும் ஷூவும் தார்ச்சாலையில் படும் சத்தம், கீழே கடல், எங்கே பார்த்தாலும் கோடாலித் தைல வாசனை. ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்து ஆடுசதையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் என்னைத் தாண்டிப் போனவர்களில் சிலரை அங்கே பார்த்தேன். பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது, அவர்களும் மாதக்கணக்கில் உழைத்துத்தானே வந்திருப்பார்கள்.

30 கிலோமீட்டர் வாக்கில் தசையில் சேர்த்து வைத்த சர்க்கரை தீர ஆரம்பிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அது அப்படியே நடந்தது. தொடை கல்லாகிவிட்டது. தாகம் வேறு. தண்ணீர் மேடை வரும்போதெல்லாம் குவளை குவளையாகக் குடிக்கத் தோன்றியது. அப்போதுதான் நீ சொன்னது ஞாபகம் வந்தது: "வெறும் தண்ணீரையே குடிச்சுக்கிட்டு இருக்காதீங்கப்பா, ரத்தத்துல உப்பு இறங்கிடும். தாகத்துக்கு மட்டும் குடிங்க, உப்பும் சேர்த்துக்குங்க." அதன்படி அளவாகக் குடித்தேன், உப்புப் பானமும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டேன். தெம்பாக முடித்தேன் என்றால் அது உன் வைத்தியம், பாப்பா. அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன்.

அந்த இடத்தில் ஒரு சீன அம்மா எனக்குத் துணையாகக் கிடைத்தார். அறுபதைத் தாண்டியிருப்பார். நான்கு நிமிடம் ஓடுவார், ஒரு நிமிடம் நடப்பார். கையில் கடிகாரம் அடிக்கும், உடனே நடை. முதல் கிலோமீட்டரிலிருந்தே அப்படித்தானாம். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் கேலோவே என்ற அமெரிக்கர் இதை ஒரு முறையாகவே கற்றுக்கொடுத்தார் என்று எங்கள் குழுவில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கால் தளர்ந்த பிறகு நடந்தால் மறுபடி ஓட்டம் வராது, தளர்வதற்கு முன்னாலேயே நடந்துவிட வேண்டும். "பெலான்-பெலான் (மெதுவாக, மெதுவாக) அங்கிள், பாலம் எங்கேயும் போய்விடாது" என்று மலாயில் சொல்லிவிட்டு என்னையும் கூட நடக்க வைத்தார். விடியும்போது தீவுப் பக்கம் மலை தெளிவாகத் தெரிந்தது. இருவரும் ஆறு மணி நேரத்துக்கு மேல் எடுத்துத்தான் முடித்தோம். அந்த அம்மாவின் மகன் எனக்கும் ஒரு பாக்கெட் சோயா பால் வாங்கி வந்து கொடுத்தான்.

நீ லீவு நாளில்கூடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக அம்மா சொன்னாள். வேண்டாம் பாப்பா. டூட்டி இல்லாத நாளில் தூங்கு. ஆற்றங்கரையில் போய் நட. மறுநாள் வார்டில் உன் கைக்கு அது உதவும். சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. உன்னோடு எக்ஸ்டெண்ட் ஆனவர்கள் வேறு யாராவது இருந்தால் அவர்களோடு பேசு. அந்தப் பாலத்தில் நான் தனியாக இருந்திருந்தால் கடைசிப் பத்துக் கிலோமீட்டர் ரொம்பக் கஷ்டமாக இருந்திருக்கும்.

என் கால் நன்றாக இருக்கிறது. ஒரு நகம் மட்டும் கறுத்திருக்கிறது, படம் எடுத்து அனுப்புகிறேன், பார்த்துச் சொல். அடுத்த மாத ரோஸ்டர் வந்ததும் உனக்கு எந்த நாள் ஓய்வு என்று எழுது. நீ இங்கே வர வேண்டாம், நாங்களே வருகிறோம். அம்மா வடகமும் எலுமிச்சை ஊறுகாயும் இப்போதே கட்டி வைத்துவிட்டாள். வேறு என்ன வேண்டும் என்று சொல்.

அன்புடன்,
அப்பா