ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் நாற்பத்தைந்து வயதுக்காரருக்கும் உயரக் கோடு ஒன்றே போதுமா?

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: சுழல் ரைடில் ஏற்றும் முன் எச்சரிக்காததும், கேட்டும் நிறுத்தாததும் குறித்து

ஐயா,

வணக்கம். மே விடுமுறையில் குடும்பத்தோடு உங்கள் பூங்காவுக்கு வந்திருந்தோம். டிக்கெட் நகலும் டாக்டர் சீட்டும் இணைத்துள்ளேன்.

ஊசல்போல் ஆடிக்கொண்டே சுற்றவும் செய்யும் அந்தப் பெரிய ரைடைப் பற்றித்தான் புகார். வரிசையின் தொடக்கத்தில் இருந்தது உயரக் கோடு மட்டும். என் மகள் வயதுக்கு மீறிய வளர்த்தி. கோட்டைத் தாண்டியதும் விட்டுவிட்டார்கள். "சின்னப் பிள்ளை, ஏறலாமா தம்பி?" என்று வாசலில் நின்றவரிடம் கேட்டேன். "ஒண்ணும் ஆகாதுக்கா, கொலம்பஸ் மாதிரிதான்" என்றார். கொலம்பஸ் கப்பல் ரைடு முன்னும் பின்னும் மட்டுமே ஆடும். இது அப்படியா?

என் கணவரும் மகளும் ஏறினார்கள். கொஞ்ச நேரத்திலேயே அவள் முகம் வெளுத்துக் கையை ஆட்டினாள். நான் கீழிருந்து கத்தினேன். ஆபரேட்டர் திரும்பிப் பார்த்துவிட்டு, "நேரம் முடியட்டும்" என்றார். முடிந்து இறங்கியதும் வாந்தி. முதலுதவி அறை பூட்டியிருந்தது. சாவி எங்கே என்று தேடவே ஆள் அனுப்ப வேண்டியிருந்தது.

அவள் மாலைக்குள் தேறிவிட்டாள். என் கணவருக்குத்தான் தொல்லை. மறுநாள் காலை படுக்கையில் புரண்டபோது அறையே சுழன்றதாம். உட்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால் இப்படித் தலை சுற்றும் என்றார் காது மூக்கு தொண்டை மருத்துவர். தலையைப் பக்கம் பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்துத்தான் சரி செய்தார். ரைடுதான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. தலை வேகமாக உலுக்கப்பட்டால் வரக்கூடியது என்றார்.

உயரக் கோடு எதற்கு என்று உங்களுக்கே தெரியும்: தடுப்புக் கம்பி உடம்போடு பொருந்த வேண்டும் என்பதற்கு. காதையும் கழுத்தையும் அந்தக் கோடு அளக்காது. பிள்ளைகளுக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிது, கழுத்துத் தசைக்கு வலு குறைவு. கண் பார்ப்பதும் உட்காது உணர்வதும் ஒத்துப்போகாதபோது வரும் குமட்டலும் பள்ளி வயதில்தான் அதிகம். பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம், கழுத்து எலும்புத் தேய்மானம் என்று கவலையே வேறு. உடம்புக்கு உடம்பு மாறும் என்பதும் உண்மைதான். இறங்கிய மற்ற பிள்ளைகள் பலர் மறுபடி வரிசைக்கு ஓடினார்கள். அதனால்தான் ஏறும் முன்பே விவரம் வேண்டும் என்கிறேன்.

இதெல்லாம் உங்கள் தொழிலுக்குப் புதிதும் அல்ல. 1895-இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ஓடிய 'ஃபிளிப் ஃபிளாப்' ரோலர் கோஸ்டரில் தலைகீழாகச் சுற்றிவரும் தண்டவாள வளையம் முழு வட்டமாக இருந்ததால், ஏறியவர்கள் கழுத்து வலியோடு இறங்கினார்கள். 1976-இல் கலிபோர்னியாவில் வந்த 'ரெவல்யூஷன்' கோஸ்டரில் வளையத்தைக் கண்ணீர்த்துளி வடிவமாக மாற்றினார்கள். நுழையும் இடத்தில் உடம்பில் விழும் அழுத்தம் குறைந்தது. அதாவது ரைடு எவ்வளவு அழுத்தும், எத்தனை வேகம் என்பதெல்லாம் தயாரிப்பாளருக்குக் கணக்கோடு தெரியும். உங்கள் அலுவலகத்தில் இருக்கும் கையேட்டிலும் அது இருக்க வேண்டும். டிக்கெட் வாங்கியவருக்குத்தான் சொல்வதில்லை.

எச்சரிக்கைப் பலகை ஒன்று இருக்கிறது, மறுக்கவில்லை. ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், ஏறும் படிக்குப் பக்கத்தில். அவ்வளவு நேரம் வெயிலில் நின்ற பிறகு, பின்னால் கூட்டம் நெருக்கும்போது யார் படிப்பார்கள்?

நான் கேட்பது: ரைடின் வேகம், சுற்றும் விதம், ஓடும் நேரம், யார் ஏறக் கூடாது என்பதைத் தமிழில் பெரிதாக எழுதி வரிசை தொடங்கும் இடத்தில் வையுங்கள். கை காட்டினால் எப்போது, எப்படி நிறுத்துவது என்று ஆபரேட்டர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். முதலுதவி அறையில் ஆள் இருக்கட்டும். இருவரின் டிக்கெட் பணத்தையும் மருத்துவச் செலவையும் திருப்பித் தாருங்கள்.

பதினைந்து நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கவுன்ட்டரில் நீட்டிய அடுத்த வருகைக்கான தள்ளுபடிக் கூப்பனைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாடிக்கையாளர்,
மேற்கு தாம்பரம்