சிக்னல் வரட்டும், வரிசைக்கும் வரம்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

விரைவுச்சாலை நுழைவுப் பாதைகளில், கார்களை ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு உள்ளே அனுப்பும் சிக்னல் வைப்பது பற்றி எங்கள் நகர மன்றம் யோசித்து வருகிறது. 'விரைவுச்சாலைக்குப் போக எதற்குச் சிவப்பு விளக்கு?' என்று பலர் கொதிக்கிறார்கள். இதே கோபத்தில் 2000-ஆம் ஆண்டு, மினசோட்டா மாநிலச் சட்டமன்ற உத்தரவுப்படி, மினியாபொலிஸ் - செயின்ட் பால் பகுதியில் சுமார் 430 விளக்குகளைச் சில வாரங்கள் அணைத்தே பார்த்துவிட்டார்கள். விபத்துகள் 26 சதவீதம் கூடின. பயண நேரம் 22 சதவீதம் நீண்டது. கார்கள் கொத்தாக உள்ளே நுழைந்தால் பின்னால் வருபவர்கள் எல்லோரும் பிரேக் போட வேண்டியதுதானே!

ஆனால் பிறகு விளக்குகளை மீண்டும் எரியவிட்டபோது, அங்கேயும் பழைய முறையிலேயே விட்டுவிடவில்லை. நுழைவுப் பாதையில் காத்திருப்பு நான்கு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். எங்கள் மன்றம் கேட்க வேண்டியது இதைத்தான். பாதை குட்டையாக இருந்தால் வரிசை ஊர்த் தெருவரை நீண்டு பஸ்ஸையும் ஆம்புலன்ஸையும் மறிக்கும். தொலைதூரப் புறநகரிலிருந்து ஏற்கெனவே சாலையில் வருபவர் சிரமமின்றிப் போய்விடுவார். காத்துக் கிடப்பது உள்ளூர்க்காரர்கள். வரிசை நீண்டால் தானாகவே வேகமாக வண்டிகளை விடும் சென்சார் பொருத்தப்படும் என்று மாநிலப் போக்குவரத்துத் துறையிடம் எழுத்தில் வாங்கிய பிறகே மன்றம் ஒப்புதல் தரட்டும்.

- ஒரு வாசகர், கலிபோர்னியா